பகுத்தவர் ஒருவர், எடுத்தவர் வேறொருவர்

மன்னார் வளைகுடாவில் முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடந்த காலத்தில், தோணி கரை சேர்ந்ததும் சிப்பி நேரே கொட்டுக்குப் போகும். கொட்டு என்பது வேலி அடைத்த பெரிய முற்றம். அன்று அள்ளி வந்த சிப்பியை அந்தந்தத் தோணிக்காரர்களே மூன்று குவியலாகப் பகுக்க வேண்டும். பகுத்து முடித்த பிறகு அரசாங்கக் கணக்கர் வந்து மூன்றில் ஒன்றைக் காட்டி, அது குளியாளிகளுக்கு என்பார். மற்ற இரண்டும் அரசாங்கத்துக்கு. அவை மாலையில் ஆயிரக் கணக்கில் ஏலம் போகும். எந்தக் குவியல் தங்களுக்கு வரும் என்று பகுக்கிறவர்களுக்குத் தெரியாது. ஆகவே ஒன்றைப் பெருக்கி இன்னொன்றைக் குறைப்பதால் அவர்களுக்கு ஆதாயம் கிடையாது. பிரிட்டிஷ் ஆட்சியில் இலங்கைப் பக்கத்துச் சலாபங்களில் நடந்த முறை இது. தூத்துக்குடிப் பரதவர், கீழக்கரை முஸ்லிம்கள், யாழ்ப்பாணத்தார், மலையாளக் கரையிலிருந்து வந்தவர்கள், அரபிகள் என்று ஒருவர் மொழி ஒருவருக்கு முழுதாகப் புரியாத கூட்டம் அது. முப்பது நாற்பதாயிரம் பேர் தங்கும் கூடார நகரம், சில வாரங்களுக்கு வெறும் மணலில் எழுந்து மறையும். அந்தக் கூட்டத்தில் ஒருவரை ஒருவர் நம்பச் சொல்லி யாரும் உபதேசம் செய்யவில்லை. நம்பிக்கை இல்லாத இடத்திலும் நியாயம் நடக்கும்படி ஒரு விதி இருந்தது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. தென்மாவட்டக் கல்லூரிகளில் சாதியாலும் மதத்தாலும் பிரிந்து நிற்கும் மாணவர்களை ஒருவரோடு ஒருவர் பேச வைப்பது எப்படி என்ற கேள்வி எழும்போதெல்லாம் இரண்டு விடைகள்தான் வருகின்றன. ஒன்று, நல்ல மனம் படைத்த ஆசிரியர் போதும் என்பது. மற்றது, எல்லோரையும் ஒரே வகுப்பில் உட்கார வைத்தால் காலப்போக்கில் வேறுபாடு கரைந்துவிடும் என்பது. இந்தக் கடற்கரையின் ஐந்நூறு ஆண்டு வரலாற்றைப் பார்த்தால் இரண்டுமே போதவில்லை என்று தெரிகிறது. வேறுபட்ட மக்களுக்கிடையே பேச்சை நடத்துவது தோணி ஓட்டுவதைப் போல, வலை பின்னுவதைப் போல, ஒருவரிடமிருந்து ஒருவர் கற்க வேண்டிய தொழில். கற்காமல் அந்த இடத்தில் வந்து நிற்கிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் காரியம் கெடும். பேச்சை நடத்துகிறவரையும் கட்டும் விதி இல்லாவிட்டால் அவர் கற்றதும் வீணாகும். இந்த இரண்டையும் எழுத்தில் உள்ள சான்றுகளைக் கொண்டு காட்ட முயல்கிறேன்.

முத்துக்குளிப்புக் கணக்கைக் ‘கல்’ என்ற அளவில் வைப்பது பழைய வழக்கம். குளியாளி காலில் மாட்டிக்கொண்டு இறங்கும் கல்தான் அது. ஒரு கல் என்றால் ஒரு குளியாளியின் உழைப்பு. டச்சுக்காரர் காலத்து ஏடுகளில் வரியில்லாத மானியக் கற்களின் பட்டியல் இருக்கிறது. மதுரை நாயக்கருக்கு 96½ கல், சேதுபதிக்கு 60 கல், பரதவத் தலைவர்களான கடற்கரைப் பட்டங்கட்டிகளுக்கு 185 கல், காயல்பட்டினத்து முஸ்லிம் தலைவருக்கு 10 கல். இதோடு நிற்காமல், எந்தக் கல் கிறிஸ்தவக் குளியாளியுடையது, எது முஸ்லிமுடையது, எது இந்துவுடையது என்பதும் அதே பட்டியலில் உண்டு. காயல் தலைவரின் பத்துக் கல்லில் பாதி கிறிஸ்தவர்களுடையது. அதாவது இங்கே அடையாளத்தை யாரும் மறைக்கவில்லை, மறக்கச் சொல்லவுமில்லை. கணக்கில் வெளிப்படையாக எழுதி, அதை வைத்தே பங்கைப் பேசித் தீர்த்தார்கள். ஒருவரின் உரிமை இன்னொரு சமூகத்தவரின் மூச்சில் தங்கியிருந்தது. தோணிக்குப் பத்துக் குளியாளிகள். ஐந்து ஐந்து பேராக முறை வைத்து இறங்குவார்கள். மேலே கயிற்றைப் பிடித்திருக்கும் மண்டாடி, கீழிருந்து கயிறு அசைந்த அந்த நொடியில் இழுக்க வேண்டும்.

கடல்கட்டியின் கதை இதைவிடச் சுவையானது. சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்பவருக்குக் கடல்கட்டி என்று பெயர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, அந்த வேலையைச் செய்தவர்கள் பிராமணர்கள் என்றும், அள்ளியதில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குப் போனது என்றும் எழுதுகிறார். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இலங்கைச் சலாபத்தைப் பற்றி எழுதிய எமர்சன் டெனன்ட், அன்று அந்தப் பரம்பரைப் பதவியில் இருந்தவர் கத்தோலிக்கர் என்றும், அதனால் அவருடைய மந்திரத்தின் மதிப்பு சற்றும் குறையவில்லை என்றும் குறித்திருக்கிறார். எந்த மதத்துக் குளியாளியானாலும் கடல்கட்டி கரையில் நின்றால்தான் துணிந்து இறங்குவார். இதை மூடநம்பிக்கை என்று ஒரே வரியில் தள்ளிவிடலாம். ஆனால் ஒரு பதவியில் யார் இருக்கிறார் என்பது மாறியும் அந்தப் பதவியின் மீது எல்லாத் தரப்புக்கும் மதிப்பு நின்றது என்பது கவனிக்க வேண்டிய செய்தி. அந்த மதிப்பு ஆளைப் பார்த்து வந்ததல்ல. பல தலைமுறையாகப் பழகிய முறையும், அந்த வேலைக்கென்று குடும்பத்துக்குள் நடந்த பயிற்சியும் சேர்ந்து தந்தது.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும், வரவும் வேண்டும். சலாபத்தில் எங்கே சமத்துவம் இருந்தது? மூன்றில் இரண்டு பங்கை அரசாங்கம் எடுத்தது. உயிரைப் பணயம் வைத்தவனுக்கு ஒரு பங்கு. முத்தைத் திருடிவிடுவானோ என்று ஆளைச் சோதித்தார்கள். ஏலத்தில் வாங்கி விற்றவர்கள் செட்டிமாரும் மரைக்காயர்களும். குளித்தவன் அடுத்த பருவம்வரை கடனில் கிடந்தான். எல்லாம் உண்மை. சலாபம் சமத்துவத்தின் மாதிரி என்று நான் சொல்லவில்லை. அதன் குறை இன்னும் ஆழமானது என்றே சொல்வேன்: கொட்டில் நடந்த நியாயம் கொட்டின் வேலியோடு நின்றுவிட்டது. பருவம் முடிந்து கூடாரம் பிரித்ததும் பரதவர் தம் துறைக்கும், மரைக்காயர் தம் ஊருக்கும் போனார்கள். பங்கு பிரிக்கத்தான் விதி இருந்தது. பகை வந்தால் பேசித் தீர்க்க விதியும் இல்லை, ஆளும் இல்லை. அதன் விலை என்ன என்பதை, பிரிட்டிஷார் வருவதற்கு வெகுமுன்பே, 1530கள் காட்டியிருந்தன.

அந்த ஆண்டுகளில் குளிப்பின் மேலாண்மை யாருக்கு என்பதில் பரதவருக்கும் முஸ்லிம் வணிகருக்கும் போட்டி முற்றியிருந்தது. தூத்துக்குடியில் நடந்த ஒரு தகராறில் காதணியோடு சேர்த்துக் காது அறுக்கப்பட்டதாகவும், அதிலிருந்து கலவரம் மூண்டதாகவும் போர்த்துக்கீசிய ஏடுகள் சொல்கின்றன. ஒரு காதுக்காக ஒரு கடற்கரை முழுவதும் தீப்பற்றியிருக்காது. உள்ளே நெடுநாள் புகைந்திருக்க வேண்டும். இரு தரப்பையும் ஒரே திண்ணையில் உட்கார வைக்கத் தக்கவர் எவரும் அன்று இல்லை. பாண்டியர் தளர்ந்திருந்தார்கள், வேணாடும் விஜயநகரமும் கரைக்கு உரிமை கோரின, உள்ளூரில் நின்று இரு பக்கமும் கேட்கும் அதிகாரம் யாரிடமும் இல்லை. பரதவப் பட்டங்கட்டிகள், ஜோவாம் தா குரூஸ் என்ற மலையாளக் கரை வணிகரின் யோசனையைக் கேட்டு, கொச்சிக்குப் போய்ப் போர்த்துக்கீசியரிடம் பாதுகாப்பு கேட்டார்கள். 1536-37இல் துறைதுறையாக ஞானஸ்நானம் நடந்தது. இருபதாயிரம் பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் தொகை. 1538இல் வேதாளைக் கடற்கரையில் போர்த்துக்கீசியர் கள்ளிக்கோட்டையின் மரைக்காயர் படையை முறியடித்தார்கள். பரதவர் செய்தது சரியா தவறா என்று இன்று தீர்ப்புச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. வேறு வழி அவர்களுக்கு அடைக்கப்பட்டிருந்தது. பேச ஆள் இல்லாத இடத்தில் பீரங்கி வந்து பேசியது என்பதே இங்கு நமக்கு வேண்டிய பாடம்.

பீரங்கிக்குப் பின்னால் வந்தவர்களில் ஒருவரைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். 1542இல் கடற்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தமிழ் அறியாதவர். இரு மொழியும் தெரிந்த சிலரைக் கூட்டி உட்கார வைத்து, ஜெபங்களைத் தமிழில் பெயர்க்கச் சொல்லி, மனப்பாடம் செய்து ஊர்ஊராகச் சொன்னார். அது அவசரத்தில் செய்த வேலை. அவருக்குப் பிறகு 1547இல் வந்த அன்றிக்கே அன்றிக்கஸ், நம்மவர் அண்டிரிக் அடிகளார் என்று அழைப்பவர், வேறு வழி எடுத்தார். போர்த்துகல்லின் விலா விசோசா ஊரில் 1520இல் பிறந்தவர். யூத மரபில் வந்தவர் என்பதற்காகப் பிரான்சிஸ்கன் சபையிலிருந்து விலக்கப்பட்டு, பிறகு இயேசு சபையில் இடம் பெற்றவர். பிறப்பைக் காட்டி வாசலில் நிறுத்தப்படுவது என்னவென்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. புன்னைக்காயலில் தங்கிப் பரதவரிடம் மாணவராக உட்கார்ந்து தமிழ் கற்றார். 1549 வாக்கில் அந்த மொழிக்கு இலக்கணம் எழுதத் தொடங்கிவிட்டார். துறவியர் தங்களுக்குள்ளும் தமிழிலேயே பேச வேண்டும் என்று கட்டளை வைத்தார். ஊர்க்காரர் இல்லாத அறையில்கூட ஊர்க்காரர் மொழியை விட்டு விலகக் கூடாது என்பது சின்ன விதிதான். ஆனால் மற்றவர் முன்னிலையில் ஒரு பேச்சு, தனியே ஒரு பேச்சு என்ற பழக்கத்தை அது வேரோடு அறுக்கிறது.

பரதவர் கொடுத்த பொருளுதவியில் 1578 அக்டோபர் 20ஆம் தேதி கொல்லத்தில் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறு பக்க நூல். இந்திய மொழி எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூல் என்று அதைப் பெருமையாகச் சொல்கிறோம். என் கண்ணில் அதைவிடப் பெரிய செய்தி, அந்த நூலுக்கு முன்னால் கழிந்த முப்பது ஆண்டு. கேட்டது, திருத்திக்கொண்டது, மீண்டும் கேட்டது என்று அந்த மனிதர் கழித்த காலம் அது. 1586இல் வந்த ‘அடியார் வரலாறு’ நூலைப் படிப்பவர்களுக்குத் தெரியும், அதன் தமிழ் ஏட்டுத் தமிழ் அல்ல. கரையில் புழங்கிய தமிழ். கணக்கப்பிள்ளை என்று அழைக்கப்பட்ட உள்ளூர் உபதேசியார்களைப் பழக்கி, ஊர்ப் பேச்சை அவர்கள் கையில் விட்டதும் இதே ஏற்பாட்டின் பகுதி. 1600இல் அவர் இறந்தபோது கடற்கரை முழுவதும் அழுதது என்பார்கள். சபைக்காரர் எழுதியது என்று அதில் கொஞ்சம் கழித்துக்கொண்டாலும், 53 ஆண்டு ஒரே கரையில் இருந்தவர் என்பது கழிக்க முடியாத உண்மை.

ஆனாலும் அவருடைய பணிக்கு ஓர் எல்லை இருந்தது. அவர் கற்ற தமிழ் ஒரு சமூகத்துக்குள் ஆழமாக இறங்கியது. பரதவருக்கும் காயல்பட்டினத்தாருக்கும் இடையே பாலம் போடவில்லை. போட அவர் முயன்றிருக்கவும் முடியாது, ஏனென்றால் அவர் ஒரு தரப்பின் குருவாக வந்தவர். கற்றுக்கொள்ளும் பணிவு இருந்தும் இரு தரப்புக்கும் பொதுவான இடம் இல்லாவிட்டால் பேச்சு வீட்டுக்குள்ளேயே நின்றுவிடும். அப்படிப் பொதுவான இடம் ஒன்று உள்நாட்டில், எட்டயபுரம் அரண்மனையில் இருந்தது. அங்கே அவைப்புலவராக இருந்த கடிகைமுத்துப் புலவரிடம் உமறுப்புலவர் தமிழ் கற்றார் என்பது மரபு. பிறகு அவரே நபிகளின் வரலாற்றைச் சீறாப்புராணமாகப் பாடினார். இந்து ஆசிரியரும் முஸ்லிம் மாணவரும் சேர்ந்த இடத்தில் யாரும் தம் நம்பிக்கையை விட்டுக் கொடுக்கவில்லை. யாப்பு என்ற விதி இருவரையும் ஒரே மாதிரி கட்டியது. இரண்டு காட்சிகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் நம் கேள்விக்கு முழு வடிவம் கிடைக்கிறது.

உயர்கல்வி என்று இன்று நாம் சொல்வது இந்தப் பகுதிக்கு 19ஆம் நூற்றாண்டில் வந்தது. ஜி. யு. போப் 1840களில் சாயர்புரத்தில் தொடங்கிய செமினரி அதன் முதல் வாசல்களில் ஒன்று. தேரிக்காட்டை ஒட்டிய அந்த ஊரில் கிரேக்கமும் லத்தீனும் எபிரேயமும் சொல்லிக் கொடுத்தார்கள். அங்கே படித்து, சட்டாம்பிள்ளை என்றே பெயர் நிலைத்தவர் அருமைநாயகம். பனையேறும் குடிகளின் பிள்ளைகளுக்கு அந்தக் கல்வி திறந்துவிட்ட உலகம் சாதாரணமானதல்ல. அதை நன்றியோடுதான் சொல்ல வேண்டும். ஆனால் அதே காலத்தில், 1849இல், இடையன்குடியில் பணிசெய்த கால்டுவெல் திருநெல்வேலி நாடார் சமூகத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறுநூல் வெளியிட்டார். அந்தச் சமூகத்தின் நடுவில் வாழ்ந்து, அவர்களுக்காக உழைத்துக்கொண்டே, அவர்களைத் தாழ்த்தி வருணித்த நூல் அது. இங்கிலாந்தில் உள்ள ஆதரவாளர்களுக்காக எழுதியது. யாரைப் பற்றி எழுதினாரோ அவர்கள் படிப்பார்கள் என்று அவர் எண்ணியிருக்க மாட்டார். ஆனால் செமினரி அவர்களுக்கு ஆங்கிலம் கற்றுக் கொடுத்திருந்தது. படித்தார்கள்.

சட்டாம்பிள்ளைக்கு நாசரேத்து மிஷனோடு ஏற்கெனவே பிணக்கு. 1850இல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். 1857இல் பிரகாசபுரத்தில் ஐரோப்பியக் குருமாரின் தலைமையை முற்றாக மறுக்கும் இந்து கிறிஸ்தவ சபை ஒன்றை நிறுவினார். பைபிளையே ஆதாரமாக வைத்து, சனிக்கிழமை ஓய்வுநாள் முதலிய பழைய ஏற்பாட்டு முறைகளை எடுத்துக்கொண்டு, உங்களைவிட வேதத்துக்கு நாங்களே நெருக்கம் என்று வாதாடினார். செமினரி கொடுத்த கருவிகளால் செமினரிக்கே விடை. கால்டுவெல்லின் நூலுக்கு எதிர்ப்பு பல ஆண்டு தொடர்ந்து, பின்னாளில் அது புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டது. கால்டுவெல் எளிய மனிதர் அல்லர். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவர், கொற்கையை உலகுக்குக் காட்டியவர்களில் ஒருவர், ஐம்பது ஆண்டு இந்த மண்ணில் உழைத்தவர். அவருக்கு நல்லெண்ணம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. இந்தக் கரையில் அவரைவிடக் கற்றவரும் அன்று இல்லை. இருந்தும் தம் மாணவர்களைப் பற்றிப் பேசத் தெரிந்த அளவு அவர்களோடு பேசத் தெரியவில்லை. கல்விக்கூடம் தன் எதிரில் உட்கார்ந்தவனுக்குத் திரும்பக் கேள்வி கேட்க ஓர் இடம் வைத்திருந்தால் சட்டாம்பிள்ளை வெளியே போய்க் கேட்டிருக்க வேண்டியதில்லை. சாயர்புரத்துக் கல்லூரி 1883இல் தூத்துக்குடிக்கு மாறி, கால்டுவெல் பெயரில் சில ஆண்டு நடந்து, உயர்நிலைப் பள்ளியாகச் சுருங்கியது. அந்த இடம் மட்டும் கடைசிவரை அமையவில்லை.

இதே தவறு இன்னொரு வடிவில், தேசியவாதிகளின் கையிலேயே, சேரன்மாதேவியில் நடந்தது. வ. வே. சு. ஐயர் 1922இல் தொடங்கிய தமிழ்க் குருகுலத்தில் சாதி கடந்து மாணவர்களைச் சேர்த்தார்கள். பிராமணப் பிள்ளைகள் இருவர் மட்டும் தனியே உண்டார்கள். விஷயம் வெளியே வந்ததும் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கேள்வி கேட்டார்கள். காந்தி கருத்துச் சொன்னார். காங்கிரஸ் கமிட்டியில் தீர்மானங்கள் பறந்தன. பத்திரிகைகள் மாதக்கணக்கில் எழுதின. ஐயர் 1925இல் பொறுப்பிலிருந்து விலகினார். அதே ஆண்டு ஜூனில் பாபநாசம் அருவியில் இறந்தார். குருகுலம் எழவில்லை. கேட்டவர்களின் கேள்வி நியாயமானது, அதில் எனக்கு ஐயமில்லை. ஒரே பந்தியில் உண்ணுவது என்பதைச் சேர்க்கையன்றே மாறாத விதியாக வைத்திருந்தால் கேள்வியே எழுந்திராது. பெற்றோருக்குக் கொடுத்த வாக்கு என்று ஒரு விலக்கு வைத்த அன்றைக்கே, விதி எல்லோரையும் கட்டும் என்ற நிலை போய்விட்டது. அதற்குப் பிறகு எவ்வளவு பேசியும் பயனில்லை. அத்தனை பெரியவர்கள் பேசிய அந்த வழக்கில், தனியே உண்டவனும் ஒதுக்கப்பட்டவனும் ஒருவரை ஒருவர் பார்த்து என்ன சொல்லிக்கொள்ள விரும்பினார்கள் என்பதற்கு மட்டும் பதிவு தேடினாலும் கிடைப்பது அரிது.

இங்கே கடுமையான ஆட்சேபம் ஒன்று எழுகிறது. ஒடுக்குகிறவனையும் ஒடுக்கப்படுகிறவனையும் ஒரே மேசையில் உட்கார வைத்துப் பேசச் சொன்னால், அடிபட்டவன் பொறுமையாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர அதற்கு என்ன பொருள்? வேண்டியது நீதி, கலந்துரையாடல் அல்ல என்கிறார்கள். இதை நான் பெரிதும் மதிக்கிறேன். விடையைத் தூத்துக்குடியிலேயே 1908இல் பார்க்கலாம். கோரல் மில் தொழிலாளர் பிப்ரவரி 27ஆம் தேதி வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டார்கள். வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் முன்நின்றார்கள். வ.உ.சி. வேளாளர், வக்கீல், கப்பல் கம்பெனி நடத்தியவர். மில்லில் நின்றவர்கள் பல சாதிக் கூலிகள். அவர் அந்த மக்களுக்குத் தலைவராகும் முன் நகரத்து வணிகர்களையும் வக்கீல்களையும் அவர்கள் பக்கம் திருப்பி, நிறுத்த நாட்களில் அடுப்பு எரிய வழி செய்தார். சுதேசிக் கப்பல் கம்பெனிக்கு ஹாஜி முகமது பக்கீர் சேட் இரண்டு லட்சம் ரூபாய்க்குப் பங்கு எடுத்ததும் இதே போன்ற உழைப்பின் பலன்தான். ஒன்பதே நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. எளியவர் கையில் பலம் இருந்ததால் அந்தப் பேச்சு பேச்சாக இருந்தது. நீதி வேறு, உரையாடல் வேறு என்று பிரிப்பதை நான் ஏற்கவில்லை. சட்டமும் விதியும் முதலில் நிற்க வேண்டும், பேச்சு அதன்மேல் நடக்க வேண்டும். தீண்டாமைக் குற்றத்துக்கு வழக்குத்தான் வழி, வட்டமாக உட்காருவது வழியல்ல.

சுதந்திரத்துக்குப் பின் தூத்துக்குடியில் கல்லூரிகள் வரிசையாக வந்தன. 1948இல் கத்தோலிக்கக் கன்னியர் தூய மரியன்னை கல்லூரியைத் தொடங்கினார்கள், 1951இல் ஏ. பி. சி. வீரபாகுவின் முயற்சியில் வ.உ.சி. கல்லூரி, 1966இல் காமராஜ் கல்லூரி, 1977இல் மீன்வளக் கல்லூரி. உப்பளத்துத் தொழிலாளியின் மகளும் தோணி முதலாளியின் மகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இது பெரிய மாற்றம். குறைத்துச் சொல்ல மனமில்லை. முத்துச் சலாபம் 1961க்குப் பிறகு நடக்கவில்லை. பல சமூகத்தார் கூடும் இடமாக அதன் இடத்தில் கல்லூரி வந்து நின்றது. ஆனால் சேர்ந்து உட்கார்ந்தவர்களை யார் பேச வைப்பது என்ற கேள்வி கேட்கப்படவே இல்லை. 1995 ஆகஸ்ட் 31ஆம் தேதி கொடியன்குளத்தில் காவல்துறை புகுந்து சூறையாடியபோதும், 1997இல் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததைத் தொடர்ந்து தென்மாவட்டங்கள் சாதி மோதல்களால் கொதித்தபோதும், கல்லூரிகள் செய்தது விடுமுறை விடுவது. அரசு செய்தது மாவட்டங்களிலிருந்தும் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர் பெயரையும் எடுத்துவிடுவது. சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி மாவட்டமானது. அன்றைக்குத் தீ அணைய அது உதவியது. ஆனால் பெயரை எடுத்ததோடு பேச்சையும் எடுத்துவிட்டோம்.

பேசினால் சாதி வளரும், பேசாமல் விட்டால் தானாக மறையும் என்று நம்புகிறவர்கள் இன்றும் ஆசிரியர்களில் பலர். அவர்கள் தீய எண்ணத்தால் சொல்லவில்லை. ஒரு சொல் தவறினால் வகுப்பறை கைமீறிவிடும் என்ற பயம் அது, பயிற்சி இல்லாதவருக்கு நியாயமான பயம். ஆனால் ஆசிரியர் பேசாமல் விட்டால் மாணவன் பேசாமல் இருப்பதில்லை. கையில் கட்டும் நிறக் கயிறு பேசுகிறது; பேருந்தில் ஒலிக்கும் பாட்டும் சுவரொட்டியும் பேசுகின்றன; ஊர்த் திருவிழாப் பலகையும் கைப்பேசிக் குழுவும் பேசுகின்றன. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் உடன் படித்தவர்கள். தினமும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்தவர்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. நிறக் கயிறுகளைத் தடை செய்வது, பள்ளிப் பெயர்களில் உள்ள சாதிச் சொற்களை எடுப்பது, மாணவர்களை அகர வரிசையில் உட்கார வைப்பது என்று பல பரிந்துரைகள். பெரும்பாலும் நல்ல பரிந்துரைகள். எல்லோரையும் கட்டும் விதிகள் என்பதால் அவற்றை ஆதரிக்கிறேன். ஆனால் அகர வரிசையில் உட்கார்ந்த இருவர் அதற்குமேல் என்ன செய்வது என்பது விதிக்கு அப்பாற்பட்டது. அங்கேதான் கற்ற ஆள் வேண்டும்.

உயர்கல்வியில் சமத்துவம் பற்றிய பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012 விதிமுறைகள், பாகுபாட்டுப் புகாரை விசாரிக்க ஒவ்வொரு கல்லூரியிலும் ஓர் அலுவலர் வேண்டும் என்றன. புகார் வந்தபின் விசாரிக்க ஆள் உண்டு. புகார் வரும் முன் பேச்சை நடத்த ஆள் இல்லை. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1988இல், இனப் பதற்றம் கூடியிருந்த வேளையில், இதற்கென்றே ஒரு திட்டம் தொடங்கியது. இரு வேறு சமூகத்து மாணவர்கள் கூடிப் பேசும் வகுப்பை, இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொருவராக இரண்டு மாணவர்கள் சேர்ந்து நடத்துவார்கள். நடத்துவதற்கு முன் அவர்களுக்கு ஒரு பாடம். நடத்தும்போது இன்னொரு பாடம். இரண்டுக்கும் மதிப்பெண் உண்டு. ஒருவரே நடுநிலையாளர் வேடம் போடுவதைவிட, சார்பை ஒளிக்காத இருவர் சேர்ந்து நடத்துவது நேர்மையானது என்பது அதன் அடிப்படை. மானியக் கல் பட்டியலைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. அங்கிருந்து அப்படியே இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. அவர்கள் நிறத்தைப் பேசுகிறார்கள், நம் ஊரில் சாதி ஒரே நிறத்துக்குள் ஒளிந்திருக்கிறது, பேரைச் சொன்னால் ஊர் தெரியும், ஊரைச் சொன்னால் தெரு தெரியும். ஆகவே நம் பாடத்தை நாமே எழுத வேண்டும். அதற்கான சரக்கு இந்தக் கரையிலேயே கிடக்கிறது.

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் அதன்கீழ் உள்ள தூத்துக்குடிக் கல்லூரிகளும் ஒரு பருவத்துக்கு ஒரு தாள் ஒதுக்கலாம். அதில் கொட்டின் பங்கு முறையும், 1536ஆம் ஆண்டும், சட்டாம்பிள்ளையும், சேரன்மாதேவிப் பந்தியும், கோரல் மில்லும் பாடமாகட்டும். பழைய வழக்கைப் பேசிப் பழகியவர்களுக்கே இன்றைய வழக்கைத் தொடத் துணிவு வரும். அந்தத் தாளை முடித்த மாணவர்கள் இருவர் இருவராக அடுத்த ஆண்டு மாணவர்களின் வகுப்பை நடத்தட்டும். பக்கத்தில் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கட்டும். ஆசிரியருக்கும் அதே விதி பொருந்த வேண்டும்: அவர் சாதியும் அந்த அறையில் கேள்விக்கு உட்பட்டதே. நேரமில்லை, பாடத்திட்டம் நிறைந்துவிட்டது என்று சொல்கிற முதல்வர்கள், கலவரத்துக்காகக் கல்லூரி மூடிய நாட்களை ஒரு முறை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த நாட்களில் பாதியே இந்தத் தாளுக்குப் போதும்.